முகம் மட்டும் வேண்டாம்

சித்திரை மாத உச்சிவெயிலில் மரக்காணத்து உப்பளங்களுக்கு நடுவே வியர்க்காத பொருள் எதுவும் கிடையாது. மனுஷர் வியர்ப்பார்கள், மாடு வியர்க்கும், சுவர் வியர்க்கும், சைக்கிள் மணிகூட வியர்த்துத் துருப்பிடிக்கும். அதனால், தான் எழுதிய படத்தில் நிற்கிற பெண்ணின் நெற்றியில் வெள்ளையாக ஏதோ பூத்திருப்பதை முதல் நாள் கண்டபோது சகாதேவன் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஈரத்துணியால் ஒரு துடைப்பு. போய்விட்டது. துணியை மூக்கருகே கொண்டுபோனபோதுதான் சிறிய சங்கடம் ஒன்று வந்தது. ஆளிவிதை எண்ணெயும் டர்ப்பன்டைனும் வீச வேண்டிய துணியில், விடிந்ததிலிருந்து வெயிலில் நின்று வேலை செய்துவிட்டு வந்த ஒருத்தியின் பிடரி வாசனை அடித்தது.

துணியை ஜன்னலுக்கு வெளியே உதறிக் கொடியில் போட்டான். கையைச் சோப்புப் போட்டுக் கழுவினான். பிறகு இன்னொரு தரம் கழுவினான்.

அவன் தங்கியிருந்தது பழைய உப்பு ஆபீஸ். வெள்ளைக்காரன் காலத்தில் உப்புக்கு வரி வாங்கக் கட்டிய கட்டிடம். வரி போய், வெள்ளைக்காரன் போய், கதவு ஜன்னல்களின் பச்சை பெயின்டும் முக்கால்வாசி போய், வௌவாலுக்கு மிஞ்சியது சகாதேவனுக்குக் கிடைத்தது. நாலு பக்கமும் உப்புப் பாத்திகள். பாத்தித் தண்ணீரின் வெளிச்சம் ஆளுயர ஜன்னல்கள் வழியே உள்ளே வந்து நாள் முழுக்கக் கூரையில் நெளிந்துகொண்டிருக்கும். படுத்துக்கொண்டு மேலே பார்த்தால் கிணற்றுக்கடியில் கிடப்பது போலிருக்கும். கட்டிடம் இப்போது சுப்ராயன் என்கிற உப்பளக்காரருடையது. அம்மன் படம் எழுத அமைதியான இடம் வேண்டுமென்று சகாதேவன் கேட்டதும் அவர் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டுத்தான் சாவியை நீட்டினார். அதன்பிறகு தீட்டுக்குப் பயந்து அவரும் எட்டிப் பார்க்கவில்லை, பெருக்க வருகிற ஒருத்தியைத் தவிர ஆட்களையும் விடவில்லை. பொய் சொல்வதில் சகாதேவனுக்குப் பழக்கம் குறைவு. சொன்ன ஒன்று அவ்வளவு நன்றாகப் பலித்ததில் அவனுக்கே ஆச்சரியம்.

சுவரோரம் சாத்திவைத்திருந்த கித்தான்களில் அம்மன் ஒருத்தியும் இல்லை. எல்லாவற்றிலும் ஒரே பெண். முதுகு காட்டி உட்கார்ந்தவள், ஒருக்களித்துப் படுத்தவள், கையை உயர்த்திக் கூடையில்லாத தலைக்குக் கூடை பிடித்தவள். மேலே பொட்டுத் துணி கிடையாது.

அதற்கு முந்திய வருஷம் வரை அவன் திண்டிவனம் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் டிராயிங் மாஸ்டர். மாம்பழமும் மண்பானையும் போடச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தவனின் அலமாரியை, சாக்பீஸ் தேடி ஹெட்மாஸ்டர் திறந்தார். உள்ளே கட்டுக்கட்டாக அம்மணப் படங்கள். ஒன்றுவிடாமல் எல்லாவற்றையும் பார்த்து முடித்த பிறகுதான் ஹெட்மாஸ்டருக்குக் கோபம் வந்தது. வேலை போயிற்று. மனைவி வசந்தா வானூரில் தாய்வீட்டுக்குப் போய்விட்டாள். போகும்போது சண்டை போடவில்லை. நாலு பெரிய மனுஷர் இதையெல்லாம் படம் என்று ஒத்துக்கொண்டால் சொல்லி அனுப்புங்கள், வருகிறேன் என்றாள். அந்த நாலு பேருக்காகத்தான் புதுச்சேரியில் எக்ஸிபிஷன். அது நடந்தால் அவன் ஓவியன். நடக்காவிட்டால், அலமாரியில் அசிங்கம் ஒளித்துவைத்த வாத்தியார். நடுவில் வேறு நாற்காலி போடப்படவில்லை.

படங்களில் இருந்தவள் பெயர் பாஞ்சாலை. பக்கத்துப் பாத்திகளில் உப்பு வாருகிறவள். நீளக் கழியில் மாட்டிய பலகையால் விளைந்த உப்பை இழுத்து வரப்போரம் சேர்ப்பதும், கூடையில் அள்ளிச் சுமந்துபோய் அம்பாரத்தில் கொட்டுவதும் வேலை. உச்சிப்பொழுதில் கண் கூசுமென்று கொஞ்ச நேரம் பலகையைச் சாத்திவிடுவார்கள். மற்றப் பெண்கள் ஓலைக் கொட்டகையில் சாய்ந்துகொள்ள, உப்பு ஆபீஸைப் பெருக்கப் போகிறேன் என்று அவள் வருவாள். முதல் நாள் அவளிடம் விஷயத்தை எப்படி எடுப்பதென்று தெரியாமல் சகாதேவன் கடல்காற்றைப் பற்றியும் மழையைப் பற்றியும் வெகுநேரம் பேசினான். அவள் விளக்குமாற்றைச் சுவரில் சாத்தினாள்.

"துணி இல்லாம நிக்கணும், அவ்ளோதான சார்? அதுக்கா மழ கிழன்னு சுத்திக்கினு இருக்கீங்க? வெயில்ல நிக்கறவளுக்கு நெழல்ல நிக்கறது என்னா கஷ்டம்."

சொல்லிவிட்டு, முந்தானை நுனியை விரலில் சுற்றி அவிழ்த்துச் சுற்றினாள். பிறகு சொன்னாள்: "மொகம் மட்டும் வேணாம் சார். ஒடம்பு எல்லாருக்கும் ஒண்ணுதான், எவன் கண்டான் யாருதுன்னு. மொகம் என்னுது."

சகாதேவன் அவள் கையில் அடித்துச் சத்தியம் செய்தான். அதைக் காப்பாற்றவும் செய்தான். கூந்தலால் மறைத்தான், முழங்கையால் மறைத்தான், இருட்டால் மறைத்தான், சில படங்களில் கழுத்தோடு கித்தானையே முடித்துவிட்டான். கடைசிப் படத்தில் அவளை நேராக நிற்கவைத்து எழுதி, தலை இருக்க வேண்டிய இடத்தை வெறுமனே விட்டிருந்தான்.

அந்த வெற்றிடத்தில்தான் அந்தோணிசாமி விரலை வைத்தார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கியவர். புதுச்சேரியில் கடற்கரைப் பக்கம் படங்கள் மாட்டுவதற்கென்றே பெரிய கூடம் ஒன்று வைத்திருந்தார். படங்களைப் பார்வையிட வந்தவர், கைத்தடியை ஊன்றிக்கொண்டு ஒரு சுற்று சுற்றிவிட்டு, வசந்தா எதிர்பார்த்த நாலு பேரில் முதல் ஆளாக வாயைத் திறந்தார்.

"ஏம்பா மாஸ்டர், நல்லாத்தான் இருக்குது. ஆனா தல இல்லாம வரிசையா மாட்னா கறிக்கடை மாதிரி இருக்குமேப்பா. ஒண்ணுலயாவது மொகம் போடு. அத வாசல்ல மாட்டலாம். இல்லன்னா இந்த வருசம் வேணாம், அப்பறம் பாப்போம்."

சகாதேவனுக்கு அப்புறம் என்று ஒரு வருஷம் இருப்பதாகத் தோன்றவில்லை.

பாஞ்சாலை தங்கச்சியின் பிரசவத்துக்கு அனுமந்தை போயிருந்தாள். அவள் இல்லாத ஒரு பகலில், அவளைக் கேட்காமல், அந்த வெற்றிடத்தில் அவள் முகத்தை எழுதினான். ஒரு கோடுகூட அதுவரை போட்டுப் பார்க்காத முகம். கை தயங்கவேயில்லை. அகலமான மூக்கு, புருவத்துக்கு மேலே சின்னத் தழும்பு, சிரிப்பதா திட்டுவதா என்று இன்னும் முடிவெடுக்காத உதடு. தள்ளி நின்று சந்தோஷமாகப் பார்த்தான். அவள் அவனைப் பார்த்தாள். மற்றப் படங்களெல்லாம் அந்த நிமிஷமே செத்துப்போய்ச் சுவரில் சாய்ந்த மாதிரி இருந்தன. உப்பு வாருகிறவர்கள் யார் புதுச்சேரிக்குப் போய் எக்ஸிபிஷன் பார்க்கப்போகிறார்கள் என்று அவன் தனக்குத்தானே கேட்டுக்கொண்டான். கேள்வி நியாயமாகத்தான் இருந்தது.

மறுநாள் உச்சியில் அந்த நெற்றியில் உப்புப் பூத்தது.

துடைத்ததற்கு அடுத்த நாள் காலையில், ஜன்னலுக்கு வெளியே ஒரே திட்டு. பாத்தியில் பெண்களுக்கு மேஸ்திரி மாதிரி இருந்த அருக்காணி, வேலைக்குப் புதிதாக வந்த ஒருத்தியைப் பிடித்துக் காய்ச்சிக்கொண்டிருந்தாள். வந்தவள் ஆசையில் பலகையை அழுத்தி இழுத்துவிட்டாளாம்.

"அடிய வழிக்காதடின்னு எத்தினி தபா சொல்றது? ஒரு விரக்கட உட்டுட்டு மேல வாருடி. அடிய வழிச்சா கருஞ்சேறு மேல வந்துரும். சேறு வந்தா பாத்தி செத்துச்சு."

வந்தவள் ஏதோ முனகினாள். வழித்தாகிவிட்டதே, இப்போது என்ன செய்வது என்று கேட்டிருக்க வேண்டும்.

"என்னாத்த பண்றது. மேல கை வெக்காத. தண்ணியக் கட்டி உட்டுட்டுத் தள்ளி நில்லு. அதுவா கட்டிக்கும்."

சகாதேவன் அதைக் காதில் வாங்கிக்கொண்டே தேநீரைக் குடித்து முடித்தான். அருக்காணி ஜன்னலில் அவனைப் பார்த்துவிட்டு, டிராயிங் சாரு, அம்மனுக்கு இன்னும் புடவ கட்டி முடியலியா என்று கேட்டுவிட்டுப் போனாள். சிரித்த பெண்களின் சத்தம் வரப்பு வழியே தேய்ந்துபோயிற்று. அவனும் சிரித்துவைத்தான்.

அன்று உச்சிப்பொழுதில் பலகைகளின் இழுப்புச் சத்தம் நின்று, கொட்டகைப் பேச்சும் ஓய்ந்து, கடல் இருக்கிற திசையே மறந்துபோகிற மாதிரி ஒரு நிசப்தம் வந்து வெள்ளைப் பாத்திகளின்மேல் கவிந்தபோது, அவனுக்கு அந்தச் சத்தம் கேட்டது. கடும் வெயிலில் பாத்தியருகே குனிந்து காது கொடுத்தால் உப்பு விளைகிற சத்தம் கேட்கும். அரிசியை ஒவ்வொன்றாகத் தாம்பாளத்தில் போடுகிற மாதிரி, மெல்லிய, விட்டுவிட்டு வருகிற ஒரு நொறுங்கல். அதே சத்தம்தான். ஆனால் அவன் நின்றிருந்தது நாலு சுவருக்குள்ளே, காய்ந்த சிமென்ட் தரையில்.

கடைசிப் படத்திலிருந்து வந்தது.

முதலில் தலைமுடியின் ஓரத்தில் ஒரு வெள்ளை இழை ஓடியது. அதன்மேல் குறுக்கே இன்னொன்று. கண்ணெதிரே, அவசரமே இல்லாமல், ஒன்றின்மேல் ஒன்றாக இழைகள் பின்னி, நெற்றியை மூடி, கன்னத்தில் இறங்கின. கழுத்தை அடைந்ததும் அதற்கு மடிப்பு வந்தது. தோளில் சரிந்தபோது கரைகூட வந்தது. வெயிலுக்கு முந்தானையைத் தலையில் போட்டுப் பல்லில் கடித்துக்கொள்வாளே, அப்படியே ஒரு முக்காடு. மற்ற படங்களில் ஒரு பொடி உப்பு இல்லை. கையைத் தூக்கினவள் தூக்கினபடி, படுத்தவள் படுத்தபடி, வெறும் உடம்போடு கிடந்தார்கள். முகம் வைத்தவளுக்குத்தான் துணி.

ஈரத்துணி உதவவில்லை. துடைக்கத் துடைக்க அது தடித்தது. படங்களை ஏற்றிப்போக அந்தோணிசாமியின் வேன் வருவதற்கு நாள் இருந்தது, ஆனால் அதிகம் இல்லை. சகாதேவன் வண்ணம் குழைக்கும் கத்தியை எடுத்தான்.

வாகாகத்தான் வந்தது. நெற்றி தெரிந்தது. ஒரு கண் தெரிந்தது. கன்னத்தில் மட்டும் பிடிவாதமாக ஒட்டிக்கொண்டிருந்த இடத்தில் கொஞ்சம் அழுத்தினான். கித்தான் கத்திக்குக் கீழே அழுந்தி மீண்டது. கித்தான் அப்படி மீளாது. நன்றாக இழுத்துக் கட்டிய கித்தான் மத்தளம்போல் விறைப்பாக இருக்கும். இது கன்னம்போல் மீண்டது. உரித்த இடத்தில் ஒரு சிவப்பு. அவன் அந்தப் படத்தில் சிவப்பைத் தொடவே இல்லை. பார்த்துக்கொண்டிருக்கும்போதே சிவப்பு திரண்டு, ஒரு துளியாகி, தாடை வரை இறங்கி நின்றது.

எண்ணெய் கசிகிறது என்று சத்தமாகச் சொன்னான். அறையில் வேறு யாரும் இல்லாததால் யாரும் மறுக்கவில்லை. படத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தான். திருப்பிய பிறகும் அந்தப் பக்கத்திலிருந்து அரிசி விழுந்துகொண்டே இருந்தது.

மறுநாளும் அதே முக்காடு. மறுநாளும் அதே கத்தி.

அன்று சாயங்காலம், வெயில் சாய்ந்து பாத்திகளெல்லாம் செம்புத் தகடாகப் பளபளத்த நேரத்தில், வெராந்தாப் படிக்கட்டில் பாஞ்சாலை நின்றாள். அனுமந்தையிலிருந்து நடந்தே வந்திருக்கிறாள். முந்தானையைத் தலையில் போட்டு, கண் மட்டும் தெரிய இழுத்துச் சொருகியிருந்தாள். உள்ளே வரவில்லை. தங்கச்சிக்கு ஆண் குழந்தை, நல்லபடியாக இருக்கிறது என்று அங்கிருந்தே சொன்னாள். சகாதேவன் வாசலை அடைத்துக்கொண்டு நின்றான். முகத்தை ஏன் மூடியிருக்கிறாள் என்பதை அவளே சொன்னாள்.

"மொகம் ஒரே எரிச்சல் சார். உச்சி வேளைக்கு வெள்ள வெள்ளையா பூக்குது. பூக்கும்போது நல்லாத்தான் இருக்குது, குளுகுளுன்னு. அப்பறம் யாரோ பலகைய வச்சி வாருற மாதிரி…" கையைக் கன்னத்தருகே கொண்டுபோய், தொடாமல், கீழ்நோக்கி இழுத்துக் காட்டினாள். "தோலோட வந்துருது. வெயில் சொறின்னு தங்கச்சி மாமியா சொல்லுது. முப்பது வருசமா வெயில்லதான கெடக்கறேன், இப்ப என்னா புதுசா?"

காற்றில் முந்தானை விலகியது. ஒரு கணம்தான். கன்னத்தில் உள்ளங்கை அகலத்துக்குப் பச்சை ரணம். சகாதேவன் அதன் விளிம்பை அடையாளம் கண்டுகொண்டான். கத்தியைச் சாய்த்துப் பிடித்து இடமிருந்து வலமாக இழுத்து, முடிவில் மணிக்கட்டைத் திருப்பி எடுத்தால் விழுகிற வளைவு. அவனுடைய கைப்பழக்கம் அது.

"சார், மொகத்த எழுதலியே?"

"இல்ல பாஞ்சால."

"சத்தியமா?"

"சத்தியமா."

அவள் தலையை ஆட்டினாள். நாளைக்குப் பாத்திக்குப் போகிறேன், உச்சியில் பெருக்க வரட்டுமா என்று கேட்டாள். வேண்டாம், வேன் வரப்போகிறது, எல்லாம் கட்டிவைக்க வேண்டும் என்றான். அவள் வரப்பில் நடந்து சின்னதாகித் தெரியாமல் போகும்வரை அவன் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

இரவு தூக்கமில்லை. விடிந்தால் ஒரு பகல் பாக்கி. அதற்கடுத்த காலையில் வேன். முகத்தோடு கொடுத்தால் அந்தோணிசாமி வாசலில் மாட்டுவார். அங்கேயும் உச்சிப்பொழுது வரும், அங்கேயும் உப்புப் பூக்கும், யாராவது துடைப்பார்கள், யாராவது சுரண்டுவார்கள். எரித்துவிடலாமா? கத்திக்கே அந்தக் கன்னம் என்றால் நெருப்புக்கு? அருக்காணி சொன்னது நினைவு வந்தது. தண்ணீரைக் கட்டிவிட்டுத் தள்ளி நிற்கச் சொன்னாள். அவனுக்குச் சிரிப்புக்கூட வந்தது. எண்ணெய் வண்ணத்தைத் தண்ணீர் என்ன செய்யும்? அது மண்ணுக்குச் சொன்னது. இது கித்தான், கித்தானைப் பற்றி அருக்காணிக்கு என்ன தெரியும். சரியாக வராத இடத்தைச் சுரண்டி எடுத்துவிட்டு, வெள்ளை பூசி, மேலே புதிதாக எழுதுவது. இருபது வருஷமாக அவன் அப்படித்தான் தப்புகளைத் திருத்தியிருக்கிறான். பல்லைப் பாதி பிடுங்கி நிறுத்தியதால்தான் இவ்வளவு வலி, முழுதாகப் பிடுங்கினால் வலிக்க ஒன்றும் மிஞ்சாது என்று கூரையைப் பார்த்துச் சொல்லிக்கொண்டான். அந்தப் படத்தில் முகம் இருக்கக் கூடாது. முகம் இல்லாவிட்டால் எக்ஸிபிஷன் இல்லை. எக்ஸிபிஷன் இல்லாவிட்டால் வசந்தா இல்லை. இல்லாமல் போகட்டும். அவன் வாழ்க்கையில் தெரிந்தே நஷ்டத்துக்குக் கையெழுத்துப் போட்டது அன்று ஒருநாள்தான். போட்டதும் நெஞ்சு லேசானது.

காலையில் படத்தைத் திருப்பினான். முக்காடு கழுத்துவரை இறங்கி, மார்பை மூடி, இடுப்பில் கொசுவம்கூட வைத்திருந்தது. தடித்த, வெள்ளையான, பொறுமையான துணி. அதற்கு அடியில் அவள் எங்கேயோ பத்திரமாக இருப்பது போலிருந்தது. அந்த எண்ணம் வந்த வேகத்தில் போய்விட்டது.

பழைய பிஸ்கட் டப்பா ஒன்றில் டர்ப்பன்டைனை ஊற்றிப் பக்கத்தில் வைத்துக்கொண்டான், கத்தியை வழித்துப்போட. ஜன்னல்களைச் சாத்தினான். சந்துகளின் வழியே வெளிச்சம் கம்பிகளாக உள்ளே வந்து விழுந்தது. வெளியே பலகைகள் இழுபடும் சத்தம் சீராக வந்துகொண்டிருந்தது. அதில் ஒன்று பாஞ்சாலையுடையது. அவள் வேலை செய்துகொண்டிருக்கும்போதே, கவனம் வேறிடத்தில் இருக்கும்போதே, முடித்துவிட வேண்டும்.

முதலில் உப்பு. பொருக்குப் பொருக்காகப் பெயர்ந்து தரையில் விழுந்தது.

பிறகு நெற்றி. அழுத்தினான். வெளியே பலகைச் சத்தத்தில் ஒன்று நின்றது.

நிறுத்தக் கூடாது. பாதியில் நிறுத்தினால்தான் வலி.

புருவம். தழும்பு. கத்தியை டப்பாவில் வழித்தான். வலது கண்ணை நெருங்கியபோது அது மூடிக்கொண்டது. அவன் அதைப் பார்க்கவில்லை. பார்க்கவில்லை என்று சொல்லிக்கொண்டு இமையோடு எடுத்தான். அடுத்தது இடது கண். மூடவில்லை. கடைசிவரை அவனையே பார்த்தது. அதையும் எடுத்தான்.

மூக்கு. கன்னம். கத்தி வழுக்கியது. வழுக்கியது ஏனென்று பார்க்கவில்லை. டப்பாவில் வழித்தான்.

வெளியே இப்போது ஒரு பலகைகூட இழுபடவில்லை.

உதடு. கத்தியின்மேல் சூடாக ஒரு மூச்சு பட்டது.

அழுத்தினான்.

வந்துவிட்டது.

கித்தானின் இழைகளுக்கிடையிலிருந்து கறுப்பாக ஏதோ ஊறியது. சேறு. பாத்தியின் அடியில் வருஷக்கணக்காகக் காற்றுப் படாமல் கிடந்த சேற்றின் அழுகல் நாற்றம். அதையும் வழித்தான். அதற்குக் கீழே வெறும் கித்தான், பிறந்த அன்றைக்கு இருந்த மாதிரி. தலை இருக்கிற இடத்தில் ஒன்றும் இல்லை. உப்பு விளையும் சத்தம் இல்லை. சகாதேவன் தரையில் உட்கார்ந்து, முகத்தைக் கைகளில் புதைத்துக்கொண்டு அழுதான். சத்தியத்தைக் காப்பாற்றிவிட்டான். தாமதமாக, ஆனாலும் காப்பாற்றிவிட்டான். பாஞ்சாலையின் கன்னம் இனி ஆறிவிடும்.

அவ்வளவு நேரம் ஏன் வெளியே யாரும் பேசவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

எழுந்து ஜன்னலை ஒரு கை அகலம் திறந்தான். வெளிச்சம் கண்ணில் அறைந்தது. தூரத்துப் பாத்தியின் வரப்பில் பெண்கள் எல்லாரும் ஒன்றாக நின்றிருந்தார்கள். கூடைகள் கீழே கிடந்தன. யாரும் கத்தவில்லை. அருக்காணி ஓரடி பின்னால் வைத்தாள். மற்றவர்களும் வைத்தார்கள். பிறகு ஒரே சமயத்தில் திரும்பி, வாயைப் பொத்திக்கொண்டு, வரப்பு வழியே கொட்டகையையும் தாண்டி ஓடினார்கள்.

பாத்திக்குள் ஒருத்தி மட்டும் நின்றாள். முதுகைக் காட்டிக்கொண்டு. கையில் பலகை.

பலகை விழுந்தது.

அவள் திரும்பினாள்.

வெயில் என்றான் சகாதேவன். கண் கூசுகிறது. அவ்வளவு தூரத்தில் யாருக்குத்தான் முகம் தெரியும். வெள்ளையாகத்தான் தெரியும். வழவழவென்றுதான் தெரியும்.

அவள் நடந்தாள். வரப்பில் ஏறவில்லை. பாத்திகளின் குறுக்கே, நேராக. காலடியில் உப்பு நொறுங்கியது. வரப்பு தடுக்கி விழுந்தாள். எழுந்தாள். கைகளை முன்னால் நீட்டிக்கொண்டாள். மறுபடி நடந்தாள். திசை மட்டும் தப்பவில்லை.

ஜன்னலைச் சாத்தினான். கதவுக்குத் தாழ் போட்டான். மேஜையை இழுத்துக் கதவோடு சேர்த்தான். நொறுங்கல் கிட்டே வந்தது. நின்றது. வெராந்தாப் படியில் ஈரக்கால். பிறகு சுவரில் உள்ளங்கை உரசிக்கொண்டு வரும் சத்தம், ஜன்னல் ஒன்று, ஜன்னல் இரண்டு, தடவித் தடவி, கதவு.

தட்டவில்லை. கையை வைத்துக்கொண்டு நின்றாள். அவ்வளவுதான்.

அவள் பேசமாட்டாள். எதை வைத்துப் பேசுவாள்.

"சார்."

வாசலிலிருந்து வரவில்லை.

"சார், கதவத் தொறங்க. எனக்குக் கண்ணு தெரியல."

முதுகுக்குப் பின்னால், படத்துக்குக் கீழே, பிஸ்கட் டப்பாவுக்குள்ளிருந்து வந்தது. அவன் திரும்பினான். டர்ப்பன்டைன்மேல் மிதந்த வழிசலுக்கு நடுவே இரண்டு உதடுகள் மெல்லத் திறந்து மூடின. பக்கத்தில், பழுப்பும் சிவப்பும் கலந்த ஒரு கட்டி புரண்டு, இமை விலகி, ஒரு கண் மேலே வந்தது. அது அவனைப் பார்க்கவில்லை. டப்பாவின் விளிம்புவரை நகர்ந்து, கதவு எந்தப் பக்கம் என்று தேட ஆரம்பித்தது.